ஒரே ஒரு பெயர் உள்ள இடாப்பு

அந்த அம்மாளை முதல் தடவை பார்த்தபோது, கல்வி இலாகா அனுப்பிய உளவாளி என்று நான் நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது ஒன்று மட்டுமல்ல என்பதால், சின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலைக்கு மேலே, மலைச் சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு வாத்தியார் உத்தியோகம். பள்ளிக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு கதிரை, கறையான் பிடித்த ஓர் அலுமாரி. இடாப்பு என்றால் வருகைப் பதிவேடு. என் இடாப்பின்படி பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். கண்ணால் எண்ணினால் ஒன்பது. மழை நாளில் ஐந்து. மற்றவர்கள் தாய்மாரோடு கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். பெரிய கங்காணிக்குப் பிள்ளைகளின் கை மலையில் வேண்டும். துரைக்குப் பிள்ளைகளின் பெயர் இடாப்பில் வேண்டும், அரசாங்க உதவி அதை வைத்துத்தான் வரும். இரண்டு பேரையும் திருப்திப்படுத்த எனக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது. இந்தியாவுக்கே திரும்பிப் போய்விட்ட நான்கு பேர், என் பேனாவின் தயவால், ஒரு நாள் தவறாமல் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்டவன் வாசலில் ஒரு காலை வேளையில் வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, மூக்குக் கண்ணாடியோடு ஓர் அம்மாள் மேடேறி வருகிறாள். அக்குளில் சிவப்புத் துணி அட்டை போட்ட இடாப்பு. பின்னால் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று, காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு. தோட்டத்துப் பக்கம் சப்பாத்து போட்ட பிள்ளையைப் பார்த்தால் எனக்கு இலாகா ஞாபகம் வரும்.

நான் கொட்டகையின் பின்பக்கத் தட்டியைத் தூக்கி வெளியே பாய்ந்து, மலைக்கு ஓடி, கங்காணியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, இருபது பிள்ளைகளைக் கூடையோடு ஓட்டிக்கொண்டு வந்தேன். அவசரத்தில் கங்காணி கையில் அகப்பட்டதையெல்லாம் அனுப்பியிருந்தார். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. இன்னொருத்தனுக்கு மீசை அரும்பியிருந்தது. அந்த மீசையை முதலாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வாய்ப்பாடு தொடங்கினேன். அம்மாள் கதிரையில் உட்காரவில்லை. சுவரோரம் நின்றபடி கவனித்தாள். ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று நான் முழங்க, இருபத்தொன்பது பேரும் பின்னால் முழங்கினார்கள். வாசலில் நின்ற சப்பாத்துப் பிள்ளை மட்டும் மெதுவாக, "ஐம்பத்தாறு" என்றது. அம்மாள் திரும்பி அதை ஒரு பார்வை பார்த்தாள். கையை உயர்த்தாமல் பேசியதற்கான பார்வை அது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பாடம் முடிந்ததும் அம்மாள் என்னிடம் வந்தாள். மாற்றல் உத்தரவு எந்த ஊருக்கு என்று நான் மனசுக்குள் ஊர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது இதுதான்:

"மாஸ்டர், உங்களிட்ட ஐந்தாம் வகுப்பு வாசிப்புப் புத்தகம் ஒண்டு இரவல் கிடைக்குமோ?"

என் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் யாரும் போனதில்லை. அதனால்தான் ஐந்தாம் வகுப்புப் புத்தகம் புத்தம் புதிதாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் இரண்டு தடவை கீழே போட்டுவிட்டேன்.

அவள் ரோலர்க்காரரின் மனைவி. அவள் பெயர் யாருக்கும் தெரியாது, தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் ரோலர்க்காரம்மா. கண்டியைச் சுற்றியுள்ள ரோட்டுகளுக்கெல்லாம் கல் பரப்பி நீராவி ரோலர் ஓட்டி அமுக்கிக்கொண்டிருந்த காலம். ரோலருக்குப் பின்னால் சக்கரம் வைத்த ஒரு பலகை வீடு, கூண்டு வண்டி என்பார்கள். ரோலர் நடக்கிற வேகத்தில் குடும்பமும் நடக்கும். ஓர் இடத்தில் மூன்று வாரம், இன்னோர் இடத்தில் இரண்டு மாதம். அப்படி வருகிற பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? அதனால் அந்த அம்மாள் கூண்டு வண்டிக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாள். மாணவி ஒருத்திதான், மகள் செசிலி.

ஒருத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் என்ன அதிசயம் என்று நானும் நினைத்தேன். போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று. எட்டு மணிக்குத் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டுவாள். செசிலி வண்டியை விட்டு இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி படியேறி "குட் மோர்னிங் ரீச்சர்" என்று உள்ளே வர வேண்டும். அம்மா என்று கூப்பிடக்கூடாது. அம்மா என்பது நாலு மணிக்குப் பிறகு. பிறகு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவாள். ஒரே பெயர். எதிரே மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை, கூட்டத்தில் தேடுகிறவள் போலக் கூப்பிடுவாள். பிள்ளை எழுந்து வரவு சொன்ன பிறகுதான் அடையாளம்.

"வாத்தியார் ஐயா, எம் புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசணும்னாலும் நாலு மணி ஆவணும்ங்க" என்று ரோலர்க்காரர் என்னிடம் முறையிட்டார். திருச்சிப் பக்கத்து வேதக்காரர், கரி படிந்த முகம், சாது. பாட நேரத்தில் தீப்பெட்டி எடுக்க வண்டிக்கு வந்தால் படியில் நின்று உத்தரவு கேட்பார். ஒரு தடவை மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். வகுப்புக்கு இடைஞ்சல் என்று அன்று அவருக்குத் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் நான் கங்காணி வீட்டில் நடித்துக் காட்டுவேன். நன்றாகச் சிரிப்பார்கள். ஆனால் இடாப்பை நான் புரட்டிப் பார்த்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு வருஷத்து இடாப்பு. அதில் வராத நாட்களும் இருந்தன. ஒரு மாசியில் பதினோரு நாள் செசிலி வரவில்லை. கேட்டேன். நாவலப்பிட்டியில் இருந்தபோது காய்ச்சலாம். பிள்ளை அதே வண்டியில், அதே பாயில், இவள் காலடியில் படுத்துக் கிடந்திருக்கிறது. இவள் மணி தட்டி, பெயர் கூப்பிட்டு, பதில் வராமல், வரவில்லை என்று எழுதியிருக்கிறாள். இன்னோரிடத்தில் மூன்று நாள், 'ஆசிரியர் வரவில்லை'. அது அவளுக்குக் காய்ச்சல். ஒரு நாள் 'பிற்பகல் மட்டும்'. பிள்ளை காலையில் பலாமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததாம்.

"டீச்சர், இத யார் வந்து பாக்கப் போறாங்க? எல்லா நாளும் வந்ததா போட்டுட்டா அழகா இருக்குமே" என்றேன்.

"வராத நாளை வந்தது எண்டு எப்பிடி எழுதுறது, மாஸ்டர்?"

அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே வழி தெரியாதவள் கேட்பது போலக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு எனக்கு நாற்பத்தொரு பதில் தெரியும். தேத்தண்ணீரைக் குடித்தேன்.

முன்பு அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சராக இருந்தவள் என்றும், ரோலர்க்காரரைக் கட்டியதால் வேலையும் போய் வீடும் போயிற்று என்றும் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். நான் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "அது அங்க முடிஞ்ச கதை" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் சிலேட்டைத் திருத்தப் போய்விட்டாள்.

பிள்ளைக்கு அவள் கற்றுக்கொடுத்த விதமும் ஒரு மாதிரிதான். ரோட்டோரம் உடைத்துக் குவித்த கல்லை அளக்க ஒரு மரச் சட்டம் வைத்திருப்பார்கள், அதை வைத்துக் கன அளவு. ரோலரின் நீராவி அளவு காட்டும் முள்ளைப் பார்த்துத் தசமம். பூமிசாஸ்திரத்துக்குப் படமே தேவைப்படவில்லை. நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம், செசிலிக்கு ஒரு வருஷமும் இரண்டு மாதமும். இடையில் உள்ள ஒவ்வொரு மதகும், ஒவ்வொரு மண்சரிவும், எந்த ஓடை எந்த ஆற்றில் விழுகிறது என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். உலகத்தில் இவ்வளவு மெதுவாகப் பூமிசாஸ்திரம் படித்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அம்மாள் கொட்டகைக்கு வந்தபோது என் இடாப்பு மேசையில் திறந்து கிடந்தது. மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். எதிரே ஒன்பது பிள்ளைகள். தாளில் நாற்பத்தொரு வரவு. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு பெயரின் மேல் விரலை வைத்தாள். ராமாயி.

அந்தப் பிள்ளை செத்து ஐந்து மாதம். வயிற்றோட்டம். சவக்குழியில் மண் தள்ளியவர்களில் நானும் ஒருவன். பெயரை வெட்டினால் எண்ணிக்கை குறையும் என்று கங்காணி சொன்னதால் வெட்டவில்லை.

ரோலர்க்காரம்மாவுக்கும் அந்தச் சாவு தெரியும். தோட்டத்துக்கு வந்த புதிதில் அந்தப் பிள்ளையின் தாய் அவள் வண்டிப் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

"இந்தப் பிள்ளை இண்டைக்கு வந்ததோ, மாஸ்டர்?"

"ரொம்ப அமைதியான புள்ள, டீச்சர். வந்ததே தெரியாது" என்றேன்.

பயம் வந்தால் என் வாயில் வேடிக்கைதான் முதலில் வரும். அது பிறவிக் கோளாறு. ஒன்பது பிள்ளைகளில் இரண்டு சிரித்தன. அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. விரலை எடுத்து, இடாப்பை மூடி, அதன் மேல் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு ஏசியிருந்தால் நான் அவளை வெறுத்துப் பிழைத்திருப்பேன்.

ரோலர் எங்கள் பகுதியில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது. பிறகு தேயிலை விலை விழுந்தது. ரோட்டு வேலைகளை நிறுத்தினார்கள். வேலை வேண்டுமென்றால் ரோலரோடு வடக்கே, காட்டுப் பக்கம், காய்ச்சல் பூமிக்குப் போக வேண்டும் என்று ரோலர்க்காரருக்கு உத்தரவு வந்தது. செசிலிக்குப் பன்னிரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே அவளைக் கூட்டிப்போவதில்லை, கண்டியில் படிப்பு வாசனை உள்ள ஓர் இடத்தில் விட்டுவிட்டுத்தான் போவது என்று அம்மாள் தீர்மானித்தாள். டவுனில் கன்னியர் மடம் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடம், விடுதியும் உண்டு, ஏழைப் பிள்ளைகளை இலவசமாகச் சேர்ப்பார்கள். இடாப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கே நடந்ததை ரோலர்க்காரர்தான் சொன்னார். தலைமைக் கன்னியர் இடாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தாராம். இன்னொரு கன்னியரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அவரும் புன்னகை செய்தாராம். எந்தப் பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. இருந்தாலும் மனமிரங்கி ஒரு வழி சொன்னார்கள். அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர், பிள்ளையை நேரில் சோதித்து, இந்த வகுப்புக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்தால் போதும். அதை இலாகாவுக்கு அனுப்பி உத்தரவு வாங்கிக்கொள்வார்கள். கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். ரோலர் சனிக்கிழமை கிளம்புகிறது.

அவளுக்குத் தெரிந்த அங்கீகாரம் பெற்ற ஆசிரியன் நான் ஒருவன்தான்.

புதன்கிழமை மத்தியானம் செசிலியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதே வெள்ளைச் சேலை. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ராமாயி விஷயத்துக்கு ஈடு கட்ட ஒரு வாய்ப்பு என்று நினைத்தேன்.

"கடிதம் எதுக்கு, டீச்சர்? நாலு வருஷமா எங்கிட்டதான் படிச்சிச்சுன்னு விடுகைப் பத்திரமே தந்துடுறேன். இடாப்புல பேர ஏத்திட்டாப் போச்சு. இருக்கிற கூட்டத்துல இன்னும் ஒண்ணு."

"அவள் உங்களிட்டப் படிக்கேல்லை, மாஸ்டர்."

"யாருதான் எங்கிட்டப் படிச்சாங்க?"

"சோதிச்சுப் பாருங்கோ" என்றாள். "தெரிஞ்சால் தெரியும் எண்டு எழுதுங்கோ. தெரியாட்டித் தெரியாது எண்டு எழுதுங்கோ. நான் வெளியில நிக்கிறன்."

வெளியே போய்க் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே நின்றால் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடும் என்பது அவள் கவலை.

இரண்டு மணி நேரம் சோதித்தேன். எனக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் தீர்ந்து போயிற்று. பின்னம், வட்டி, மகாவலி ஆறு போகும் வழி, செய்யுள், சொல்வதெழுதல். சொல்வதெழுதலில் நான் சொன்னதில் ஒரு பிழை இருந்தது. பிள்ளை அதை நான் சொன்னபடியே எழுதிவிட்டு, கையை உயர்த்தி, திருத்தலாமா என்று உத்தரவு கேட்டது. எனக்கு அந்த நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு கண்டி வாவியைச் சுற்றி ஓட வேண்டும் போல இருந்தது.

தாள் எடுத்தேன். பேனாவை மையில் தோய்த்தேன். 'இந்தப் பிள்ளையை நான் நேரில் சோதித்தேன்' என்று எழுத வேண்டியதுதான். பதினைந்து வருஷ உத்தியோகத்தில் நான் எழுதப்போகும் முதல் உண்மை அதுவாகத்தான் இருந்திருக்கும். அப்போதுதான் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. கடிதம் இலாகாவுக்குப் போகும். யார் இந்த வாத்தியார் என்று இலாகா கேட்கும். இன்ஸ்பெக்டர் வருவார். இடாப்பைத் திறப்பார். ராமாயி எங்கே என்பார். கங்காணி தெரியாது என்பார். துரை தெரியாது என்பார். நான் ஒருவன் நடுவில் நிற்பேன். பேனா முனையிலிருந்து மை சொட்டி, தாளில் ஒரு பெரிய வட்டமாகப் படர்ந்தது.

தாள் கெட்டுவிட்டது, நாளைக் காலை நல்ல தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் நம்பினாள். எழுதுகிறேன் என்று சொன்னவன் எழுதாமல் இருப்பான் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் கன்னத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, பல்வலி என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு, கொட்டகையைப் பூட்டி, மடவளைக்குப் பஸ் ஏறினேன். அங்கே புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா எனக்குச் சிநேகிதர். அவர் வீட்டில் வாங்குப் பலகையில் படுத்து முனகினேன். அவர் சுக்கு அரைத்துக் கொடுத்தார். மத்தியானம் துணி நனைந்துவிட்டதென்று அவிழ்த்துக் கட்டினேன். அதைப் பார்த்த நானா கேட்டார்: "வாத்தியார், காலையில இடது பக்கமெல்லோ வலிச்சது?"

உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று கொஞ்சம் அபிநயத்தோடும் சொன்னேன். அவர் சிரிக்காமல், போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இங்கேயே படுத்துக்கொள்ளலாம், சுக்கு மிச்சம் இருக்கிறது என்றார். போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அந்த இரண்டு நாளும் பூட்டிய பள்ளிக்கூடத்துக்கு நாற்பத்தொரு பிள்ளைகளும் வந்ததாகப் பின்னால் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் திரும்பியபோது கங்காணி வழியில் நின்றார்.

"ரோலர்க்காரம்மா ரெண்டு நாளும் வந்திச்சு, வாத்தியாரே. பூட்டுன கதவுக்கிட்டயே ஒக்காந்துகிச்சு. சும்மாவும் ஒக்காரல, அந்தப் புள்ளைக்கு அங்கயே பாடம் நடத்திக்கிட்டு இருந்திச்சு. நாலு மணிக்கு எந்திரிச்சுப் போயிரும். ஒம்ம பல்லு எப்படி இருக்குன்னு கேட்டிச்சு."

சனிக்கிழமை காலையில் ரோலரின் ஊதல் கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் வரவேயில்லை. மறு வருஷம் வந்தார். துரை பங்களாவில் சாப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் கால் மணி நேரம் இருந்தார். மூடியிருந்த இடாப்பின் அட்டையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நன்றாக நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்துக் கண்டி ஸ்டேஷனில் ரோலர்க்காரரைப் பார்த்தேன். ஒளிவதற்கு இடம் பார்த்தேன், அகப்படவில்லை. அவர் என்மேல் கோபமாக இல்லை. பல்லைப் பற்றி விசாரித்தார். அம்மாள் எப்படி என்று கேட்டேன். இருக்கிறாள் என்றார்.

"காட்டுப் பக்கம் போன மறுநாளு மணி தட்டலைங்க. நானே போயி, ஏன் பள்ளிக்கூடம் இல்லயான்னு கேட்டேன். மூடியாச்சுன்னு சொல்லிருச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த இடாப்ப தொறக்கவே இல்லீங்க."

செசிலியைக் கேட்டேன். அவளுக்கு அப்போது பதினாலு வயது. ஒரு ரோட்டு இஞ்சினியர் துரையின் வீட்டில் ஆயாவாக இருந்தாள்.